ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – சனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த பொறியியல் முன்னோடியும் தொழிலதிபரும் ஆவார். ஜி. டி. நாயுடு என்றே பரவலாக அறியப்படுகிறார். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குச் செல்லாத இவர், பேருந்துத் தொழில், மின்னோடி உற்பத்தி, வானொலி, சவரக் கருவிகள், வேளாண்மை, தொழிற்கல்வி எனப் பல துறைகளில் ஈடுபட்டார். 1952 இல் இவரது முயற்சியில் கோவையில் உருவான இருவர் செல்லும் சிறிய மகிழுந்து, அரசின் உற்பத்தி உரிமம் கிடைக்காததால் சந்தைக்கு வராமல் நின்றுபோனது.

இவரை இந்தியாவின் எடிசன் என்று அழைப்பது வழக்கம். இந்த அடைமொழி அவ்வளவு பொருத்தமானதன்று. எடிசன் ஆய்வுக்கூடம் அமைத்து, புதியனவற்றைக் கண்டறிந்து காப்புரிமை பெறுவதைத் தொழிலாகக் கொண்டவர். நாயுடுவின் வழி வேறு. ஏற்கெனவே இருக்கும் இயந்திரத்தைப் பிரித்து, அதன் வேலையை அறிந்து, உள்ளூர்த் தேவைக்கும் உள்ளூர் விலைக்கும் ஏற்ப மாற்றி அமைப்பதே அவரது பாணி. கோவையின் பட்டறைத் தொழிலும் இவ்வழியிலேயே வளர்ந்தது.

இளமை

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் உழவுக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை கோபால்சாமி நாயுடு. தாயை மிகச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளி வாழ்க்கை அவருக்குச் சற்றும் பிடிக்கவில்லை. ஆசிரியர் மீது மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடிய கதை அவரது வாழ்க்கை வரலாற்று நூல்களில் தவறாமல் இடம்பெறுவது. பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. அதன் பின்னர்த் தந்தையின் நிலத்தில் வேலை செய்தார். தமிழ் நூல்களையும் பின்னாளில் ஆங்கில நூல்களையும் தாமாகவே படித்துக் கற்றார்.

மோட்டார் சைக்கிள்

நாயுடுவின் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள் ஆகும். வருவாய்த் துறையில் பணியாற்றிய ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஊர்ப்பக்கம் ஓட்டி வந்த வண்டியை அவர் பார்த்தார். மாடும் குதிரையும் இன்றித் தானாக ஓடும் வண்டியை அப்பகுதி மக்கள் பலர் அதற்கு முன் கண்டதில்லை. அதை எப்படியேனும் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். கோவைக்கு வந்து ஓர் உணவு விடுதியில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, சில ஆண்டுகள் பணம் சேர்த்து, அதே அதிகாரியிடமிருந்து அந்த வண்டியைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கினார்.

அது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் இருந்த ரட்ஜ் நிறுவனத்தின் தயாரிப்பு. மிதிவண்டிகள் செய்துவந்த அந்நிறுவனம் 1911 இல்தான் மோட்டார் சைக்கிள்களை விற்கத் தொடங்கியிருந்தது. வண்டி கைக்கு வந்ததும் நாயுடு அதில் ஊர் சுற்றக் கிளம்பவில்லை. அதைத் துண்டு துண்டாகப் பிரித்தார், மீண்டும் பூட்டினார். அவருக்கு முறையாகக் கிடைத்த பொறியியல் கல்வி என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுவே.

அக்காலத்து மோட்டார் சைக்கிள் ஒரு நல்ல பாடநூல் என்பதையும் குறிப்பிட வேண்டும். அதன் உறுப்புகள் பெரும்பாலும் வெளியே தெரியும்படி இருந்தன. இயந்திரத்தின் சுழற்சி பல வண்டிகளில் வார்ப்பட்டை மூலம் பின்சக்கரத்திற்குச் சென்றது. எங்கே ஆற்றல் உண்டாகிறது, எவ்வழியே செல்கிறது, எங்கே வீணாகிறது என்பதைக் கண்ணால் பார்த்தே அறியலாம்.

பழுது பார்க்கும் வேலைகளுக்குப் பின் அவர் பருத்தி வணிகத்தில் இறங்கினார். முதல் உலகப் போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தி அரைவை ஆலை நடத்தி நல்ல வருவாய் ஈட்டினார். அந்தப் பணத்துடன் பம்பாய் சென்று அங்குள்ள பெரும் பருத்தி வணிகர்களோடு போட்டியிட்டுப் பெரும்பகுதியை இழந்து திரும்பினார்.

பேருந்துத் தொழில்

பம்பாயிலிருந்து திரும்பிய நாயுடுவுக்கு உதவியவர் கோவையின் ஆங்கிலேயத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்சு. கோவையில் ஸ்டேன்சு பள்ளியை 1862 இலும் முதல் நூற்பாலையை 1888 இலும் தொடங்கியவர் இவரே. இவரது குழுமத்தில் மோட்டார் வாகன நிறுவனமும் இருந்தது. ஸ்டேன்சின் ஆதரவுடனும் கடனுடனும் நாயுடு ஒரு பேருந்தை வாங்கினார். 1920 இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அது ஓடத் தொடங்கியது. தொடக்கத்தில் ஓட்டுநரும் அவரே.

இவ்வழித்தடத் தேர்வு தற்செயலானதாகத் தோன்றவில்லை. பொள்ளாச்சி பெரிய சந்தை ஊர், பழனி ஆண்டு முழுவதும் பக்தர்கள் வரும் தலம், இடையில் உடுமலைப்பேட்டை. சுமார் 60 கி.மீ. தொலைவு. மாட்டு வண்டியில் ஒரு நாளுக்கு மேல் பிடிக்கும் பயணம் பேருந்தில் சில மணி நேரமாகச் சுருங்கியது.

ஒரு பேருந்து பல பேருந்துகளாகி, யு. எம். எஸ். என்ற பெயரில் தென்னிந்தியாவின் குறிப்பிடத்தக்க போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. நேரம் தவறாமை அதன் அடையாளமாக இருந்தது. நாயுடு நேரத்தைப் பற்றி மிகக் கண்டிப்பானவர் என்பதைப் பலர் பதிவு செய்துள்ளனர். பயணச்சீட்டு வழங்கும் கருவியையும், இயந்திரத்தின் அதிர்வைச் சோதிக்கும் கருவியையும் தம் பேருந்துகளுக்காகவே அவர் உருவாக்கினார். கொங்கு நாட்டில் பேருந்து ஒரு பெருந்தொழிலாக மாறிய காலம் அது. பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் ஆனைமலைசு பஸ் டிரான்ஸ்போர்ட் நிறுவனத்தை 1931 இல் தொடங்கினார்.

பேருந்து நிறுவனம் நடத்துவது என்பது அக்காலத்தில் வண்டி ஓட்டுவது மட்டுமன்று. இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ இயந்திரமும் அடிச்சட்டமும் மட்டுமே கப்பலில் வரும். அதன் மேல் மரத்தாலும் தகட்டாலும் கூடு கட்டுவது உள்ளூர்த் தச்சர்களும் கொல்லர்களும் செய்யும் வேலை. உதிரிப்பாகம் உடைந்தால் அடுத்த கப்பல் வரும்வரை காத்திருக்க வேண்டும். அல்லது லேத் பட்டறையில் கடைந்து செய்துகொள்ள வேண்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் (1939–1945) கப்பல் வரத்தும் குறைந்தது, பெட்ரோலும் பங்கீட்டுக்கு உள்ளானது. பேருந்தின் பின்புறம் அடுப்பு பொருத்தி, மரக்கரியை எரித்து வரும் வாயுவில் வண்டிகள் ஓடின. இத்தகைய நெருக்கடியில் பேருந்துப் பணிமனைகளே பொறியியல் பள்ளிகளாயின.

இயந்திரத்திலிருந்து சக்கரம் வரை

பேருந்துப் பணிமனையில் கற்ற ஒருவர் சொந்தமாக மகிழுந்து செய்ய முற்படும்போது எதிர்கொள்ளும் சிக்கலை இங்கே சற்று விளக்குவது பொருத்தமாக இருக்கும். மகிழுந்து செய்வதில் இயந்திரம்தான் கடினமானது என்று பலர் எண்ணுகின்றனர். தனியொரு பட்டறையில் வண்டி கட்டுவோர் பெரும்பாலும் இயந்திரத்தைப் புதிதாகச் செய்வதில்லை. கிடைப்பதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். ஓரிடத்து இயந்திரம், வேறோரிடத்துக் கியர்பெட்டி, மற்றொரு வண்டியின் பின்னச்சு என இவை சேரும்போது, மூன்றையும் இணைக்கும் தண்டு மட்டும் எந்த வண்டியிலிருந்தும் அப்படியே கிடைக்காது. அதன் நீளமும் முனைகளும் புதிய வண்டிக்கென்றே அமைய வேண்டும்.

பட்டறைகளில் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்று வழங்கும் இத்தண்டு பொதுவாக உள்ளீடற்ற எஃகுக் குழாய் ஆகும். முறுக்கு விசையைத் தாங்குவதில் குழாயின் வெளிப்புறமே பெரும்பங்கு வகிப்பதால், நடுவில் உலோகம் இல்லாதது பெரிய குறையன்று. எடை குறைவது ஆதாயம். முன்னும் பின்னும் இரு சிலுவை இணைப்புகள் இருக்கும். மெக்கானிக்குகள் இவற்றைக் கிராஸ் என்பர். வண்டி குண்டு குழியில் ஏறி இறங்கும்போது பின்னச்சு மேலும் கீழும் அசையும். அப்போது தண்டின் சாய்வும் நீளமும் மாறும். சாய்வுக்குச் சிலுவை இணைப்பு. நீளத்துக்கு ஒன்றனுள் ஒன்று வழுக்கும் வரிப்பற்கள்.

சிலுவை இணைப்புக்கு ஒரு குணம் உண்டு. சாய்வாக இருக்கும்போது, உள்ளே வரும் சுழற்சி சீராக இருந்தாலும் வெளியே செல்லும் சுழற்சி ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை வேகமெடுத்து இரு முறை தளரும். சாய்வு 10 பாகை என்றால் இந்த ஏற்ற இறக்கம் சுமார் 1.5 விழுக்காடு, 20 பாகை என்றால் சுமார் 6 விழுக்காடு. இரண்டாவது இணைப்பைச் சரியான நிலையில் பூட்டினால் முதல் இணைப்பு உண்டாக்கிய குலுக்கலை அது ஈடுசெய்துவிடும். தண்டை வெட்டி ஒட்டும்போது ஒரு முனையை 90 பாகை திருப்பிப் பற்றவைத்துவிட்டால் ஈடாவதற்குப் பதில் குலுக்கல் கூடிவிடும். வெளித்தோற்றத்தில் எந்தக் குறையும் தெரியாது. வண்டி ஓடும்போதுதான் தெரியும்.

நீளமும் முக்கியமானது. ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு எல்லை வேகம் உண்டு. அதை நெருங்கினால் தண்டு கயிறு போல வில்லாக வளைந்து சுழலத் தொடங்கும். இந்த எல்லை வேகம் நீளத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் உள்ளது. எனவே நீளத்தைப் பாதியாக்கினால் எல்லை நான்கு மடங்கு உயரும். சிறிய மகிழுந்துக்காகப் பெரிய வண்டியின் தண்டைக் குறைப்பவர் இவ்வகையில் பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறார். நீண்ட பேருந்துகளிலோ ஒரே தண்டுக்குப் பதில் இரு தண்டுகளை நடுவே தாங்கி வைத்து இணைப்பது இக்காரணத்தாலேயே.

சுமையைக் கணக்கிடுவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு சிறிய இயந்திரம் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தருவதாகக் கொள்வோம். முதல் கியரின் விகிதம் 4 எனில் தண்டில் 120 வரும். பின்னச்சின் பல்லிணை விகிதம் 5 எனில் அது 600 ஆகி, இரு சக்கரங்களுக்கும் தலா 300 ஆகப் பிரியும். ஆகவே பின்சக்கரங்களுக்குச் செல்லும் அரைத்தண்டு ஒவ்வொன்றும், இயந்திரம் தருவதைப் போலப் பத்து மடங்கு விசையைத் தாங்க வேண்டும். இயந்திரத்தின் குதிரைத்திறனை மட்டும் பார்த்துத் தண்டைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுவது இங்கேதான். கியர்பெட்டியை மாற்றினால் இயந்திரம் அதேயானாலும் தண்டின் சுமை மாறிவிடும்.

பற்றவைத்த தண்டு நேராக இருக்கிறதா என்பதை லேத்தில் சுழற்றிப் பார்ப்பதும், ஒரு பக்கம் கனமாக இருந்தால் எதிர்ப்பக்கம் சிறு எடையை ஒட்டிச் சமன் செய்வதும் அடுத்த வேலை. நாயுடு தம் பேருந்துகளுக்கு அதிர்வு சோதிக்கும் கருவியை உருவாக்கியதன் பயன் இத்தகைய இடங்களில் புலப்படும். அதிர்வு என்பது பயணிகளின் வசதிக்குறைவு மட்டுமன்று; எங்கோ ஓர் உறுப்பு தேய்கிறது அல்லது கோணலாக இருக்கிறது என்பதன் அறிகுறி.

மின்னோடியும் பிற கருவிகளும்

1932 இல் நீலகிரியின் பைக்காரா நீர்மின் திட்டம் செயல்பாட்டுக்கு வந்ததும் கோவை வட்டாரத்துக்கு மலிவான மின்சாரம் கிடைத்தது. நூற்பாலைகள் பெருகின. ஆழமான கிணறுகளை நம்பிய கொங்கு உழவர்களுக்குக் கவலை ஏற்றத்துக்கு மாற்றாக மின் இறைப்பி தேவைப்பட்டது. ஆனால் மின்னோடிகள் வெளிநாட்டிலிருந்தே வந்தன. பீளமேட்டில் நாயுடுவின் நேசனல் எலக்ட்ரிக் வொர்க்சு நிறுவனம் 1937 இல் மின்னோடியைத் தயாரித்தது. இந்தியாவில் உருவான முதல் மின்னோடி என இது குறிப்பிடப்படுகிறது. இதன் வடிவமைப்பில் பெரும்பங்கு டி. பாலசுந்தரம் நாயுடுவுடையது. பின்னாளில் டெக்ஸ்டூல் நிறுவனத்தை நிறுவியவர் இவர். நாயுடுவின் புகழில் பாலசுந்தரத்தின் பெயர் சில சமயம் மறைந்துவிடுவது நியாயமன்று.

உலர் மின்கலத்தில் இயங்கும் சிறிய மின்னோடி கொண்ட ரேசன்ட் என்னும் மின் சவரக் கருவி, மிக மெல்லிய சவர அலகு, புகைப்படக் கருவிக்கான தொலைவு சரிசெய்யும் அமைப்பு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் இயங்கும் விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு எந்திரம் ஆகியன அவரோடு தொடர்புபடுத்தப்படும் கருவிகளுள் சில. ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குத் தம்மால் தயாரிக்க முடியும் என 1941 இல் அறிவித்தார். இந்த விலை அக்காலத்தில் இறக்குமதியான பெட்டிகளின் விலையோடு ஒப்பிட மிகக் குறைவு.

1930களில் ஐரோப்பா சென்று, குறிப்பாக செருமனியில், தொழிற்சாலைகளைப் பார்வையிட்டார். மன்னர் ஐந்தாம் சார்சின் இறுதி ஊர்வலத்தை இலண்டனில் தாமே படம்பிடித்தார். இது 1935 இல் நடந்ததாகச் சில நூல்கள் குறிப்பிடுகின்றன. மன்னர் இறந்தது 1936 சனவரியில் என்பதால் அவ்வாண்டே சரியானது. சென்னை மாகாணத் தேர்தலிலும் போட்டியிட்டுத் தோற்றார்.

இருவர் செல்லும் மகிழுந்து

1952 இல் நாயுடு இருவர் அமரக்கூடிய பெட்ரோல் மகிழுந்து ஒன்றை உருவாக்கினார். அதன் விலை 2,000 ரூபாயாக இருக்கும் எனத் திட்டமிட்டார். அன்று இந்தியச் சாலைகளில் ஓடிய மகிழுந்துகளின் விலை இதைப்போலப் பல மடங்கு. பேருந்தில் தொடங்கியவர், பேருந்துக்கும் மிதிவண்டிக்கும் இடையில் ஒரு வண்டிக்கு இடமிருப்பதைக் கண்டார் எனலாம்.

இவ்வெண்ணம் காலத்துக்கு முந்தியதும் அன்று, வினோதமானதும் அன்று. இத்தாலியில் ஃபியட் நிறுவனத்தின் டோப்போலினோ 1936 இலேயே இருவருக்கான சிறு வண்டியாக வெற்றி பெற்றிருந்தது. பிரான்சில் உழவர்களை மனத்தில் வைத்து வடிவமைத்த சித்ரோவன் 2சிவி 1948 இல் அறிமுகமானது. போரில் நொறுங்கிய செருமனியில் மெசர்சுமிட்டு நிறுவனம் 1953 இல் மூன்று சக்கரச் சிறுவண்டியை விற்கத் தொடங்கியது. போருக்குப் பின்னான உலகம் சிறிய, மலிவான வண்டியைத் தேடிக்கொண்டிருந்தது. கோவையும் தேடியது.

ஆனால் இந்தியாவில் அதே காலத்தில் சட்டம் மாறியிருந்தது. தொழில்கள் வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1951 இல் இயற்றப்பட்டு 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அட்டவணையில் உள்ள தொழில் எதையும் நடுவண் அரசின் உரிமம் இன்றித் தொடங்க இயலாது; மோட்டார் வாகனங்களும் அவ்வட்டவணையில் இருந்தன. கல்கத்தாவில் இந்துசுத்தான் மோட்டார்சு (1942), பம்பாயில் பிரீமியர் (1944), சென்னையில் இசுடாண்டர்டு (1948) என ஒரு சில நிறுவனங்களே மகிழுந்துத் துறையில் நிலைபெற்றன. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாது வெறும் பாகங்களைப் பூட்டி விற்றுவந்த செனரல் மோட்டார்சும் ஃபோர்டும் 1953, 1954 ஆண்டுகளில் வெளியேறின.

நாயுடுவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. உற்பத்தி நிறுத்தப்பட்டது.

அரசின் பக்கமும் ஒரு காரணம் இருந்தது. அன்னியச் செலாவணி குறைவு, எஃகு குறைவு, சிறு சிறு ஆலைகள் பல தோன்றினால் எதுவும் பெரிதாக வளராது என்ற அச்சம். மகிழுந்து என்பது செல்வர்களின் பொருள், ஆகவே அதற்கு முன்னுரிமை தேவையில்லை என்பதும் திட்டமிடுவோரின் கருத்து. நாயுடுவின் வண்டியோ அந்த வரையறைக்குள் அடங்காதது. செல்வரல்லாதோருக்கான மகிழுந்து என்னும் வகையே அன்றைய கோப்புகளில் இல்லை. வெளியிலிருந்து பாகங்களை வாங்கிப் பூட்டுவோரைக் கட்டுப்படுத்தப் பிறந்த ஒழுங்குமுறை, உள்ளூரிலேயே செய்ய முயன்றவரையும் தடுத்துவிட்டது என்பதே இவ்வரலாற்றின் முரண்.

இதே நிலை வேறிடத்திலும் ஏற்பட்டது. மகாராட்டிரத்தின் இச்சல்கரஞ்சி ஊரில் சங்கரராவ் குல்கர்ணி என்பவர் மீரா என்னும் சிறு மகிழுந்தை 1949 இலிருந்து பல வடிவங்களில் செய்து பார்த்தார். அவரது முயற்சியும் உற்பத்தியை எட்டாமல் 1975 அளவில் முடிவுக்கு வந்தது. மலிவான சிறு மகிழுந்து ஒன்று இந்தியாவில் பெருமளவில் விற்பனைக்கு வர 1983 இல் மாருதி 800 வரும்வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் அரசு நிறுவனமாக, சப்பானின் சுசுகியுடன் இணைந்தே வந்தது.

வரிவிதிப்பும் உரிமக் கட்டுப்பாடுகளும் நாயுடுவை வெகுவாகக் கசப்படையச் செய்தன. 1950களில் பொதுமக்களைக் கூட்டித் தம் தயாரிப்புகளை அவர்கள் கண்முன்னே உடைத்து எதிர்ப்பைக் காட்டினார். அக்கூட்டத்திற்கு வந்திருந்த பெரியார் ஈ. வெ. இராமசாமி, இவ்வாறு பொருள்களை அழிப்பது தவறு என்று அங்கேயே கண்டித்துப் பேசினார். இருவரும் நெடுநாள் நண்பர்கள். நாயுடுவின் சினம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆயினும் பல தொழிலாளர்களின் கைவேலையான பொருள்களை உடைத்ததில் பெரியாரின் கண்டனமே வலுவானதாகப் படுகிறது.

தொழிற்கல்வி

1944 இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஆய்வுக்கும் தொழிலாளர் நலனுக்கும் நன்கொடைகளை அறிவித்தார். 1945 இல் அவரது கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பல்தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. அன்றைய சென்னை ஆளுநரின் பெயர் அவற்றுக்கு இடப்பட்டது. நாயுடுவே முதல்வராகப் பொறுப்பேற்றார். மூன்றாம் வகுப்பு படித்த ஒருவர் பொறியியல் கல்லூரியின் முதல்வரானது அன்றும் வியப்புக்குரிய செய்தியே.

அப்பொறுப்பு நீடிக்கவில்லை. பொறியியல் படிப்புக்கு நான்கு ஆண்டுகள் தேவையில்லை, இரண்டு ஆண்டுகளே போதும் என்பது அவரது உறுதியான கருத்து. அரசு இதை ஏற்கவில்லை. நாயுடு பதவி விலகினார். அக்கல்லூரி பின்னர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகி, கோவையின் தடாகம் சாலையில் இயங்கிவருகிறது.

இரண்டு ஆண்டு போதுமா என்ற வினாவுக்கு எளிய விடை இல்லை. மேலே கண்ட செலுத்து தண்டையே எடுத்துக்கொள்வோம். அதை வெட்டி, ஒட்டி, லேத்தில் சரிபார்க்கும் திறன் பட்டறையில் இரண்டு ஆண்டுகளில் கைவரும். எல்லை வேகம் ஏன் நீளத்தின் இருமடியைச் சார்ந்துள்ளது என்பதைப் பட்டறை கற்றுத்தராது. அதற்குக் கணிதம் வேண்டும். அது தெரியாதவர் ஒரு தண்டைச் சரியாகச் செய்வார். புதிய அளவில் மற்றொன்றைச் செய்யும்போது தடுமாறுவார். மறுபுறம், நான்கு ஆண்டுகள் படித்து முடித்தும் ஒரு கிராஸைக் கழற்றிப் பூட்டத் தெரியாத பட்டதாரிகள் இருப்பதும் உண்மையே. நாயுடு இவ்விரண்டாவது குறையையே கண்டார். முதலாவதைக் குறைத்து மதிப்பிட்டார் எனக் கருத இடமுண்டு. அவர் பெயரிலான அறக்கட்டளையின் பயிற்சி நிறுவனம் பின்னாளில் கைத்திறனுக்கு முதலிடம் தந்து இளைஞர்களைப் பயிற்றுவித்தது.

வேளாண்மை

பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் பல சோதனைகள் செய்தார். அவரது பண்ணையை அறிவியலாளர் ச. வெ. இராமன், பொறியாளர் மோ. விசுவேசுவரய்யா போன்றோர் வந்து பார்த்தனர். காலையில் அடித்தளம் இட்டு மாலைக்குள் வீட்டைக் கட்டி முடித்துக் காட்டியதும் அவரைப் பற்றிப் பலரும் நினைவுகூரும் செய்தி.

இறுதிக் காலமும் நினைவும்

1967 இல் கோவையில் நிலையான தொழில் கண்காட்சி ஒன்றை நிறுவினார். பள்ளி மாணவர்கள் இயந்திரங்களை அருகில் நின்று பார்க்கவும், இயக்கிப் பார்க்கவும் அது வாய்ப்பளித்தது. 1974 சனவரி 4 அன்று தமது 80 ஆம் வயதில் காலமானார்.

அவரது குடும்பத்தாரின் முயற்சியில் 2015 இல் அவினாசி சாலையில் ஜிடி மகிழுந்து அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அவரைப் பற்றிய ஆவணப்படம் ஒன்று 66 ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த அறிவியல் படத்துக்கான விருதைப் பெற்றது. கோவை அவினாசி சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்சு வரை சுமார் 10 கி.மீ. நீளத்துக்குக் கட்டப்பட்ட மேம்பாலம் 2025 அக்டோபரில் அவர் பெயரில் திறக்கப்பட்டது. சாலைப் பெயர்களில் சாதிப் பெயர்களை நீக்கும் அரசின் முடிவோடு இது முரண்படுகிறது என்ற விவாதமும் அப்போது எழுந்தது.

கோவையில் வண்டி கட்டும் மரபு நாயுடுவோடு நின்றுவிடவில்லை. லட்சுமி ஆலைக் குடும்பத்தைச் சேர்ந்த ச. கரிவரதன், 1980களின் இறுதியில் மாருதி 800 வண்டியின் இயந்திரத்தையும் கியர்பெட்டியையும் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் கோவையில் வடிவமைத்தார். பந்தயத்துக்கான வண்டியைக் குறைந்த செலவில் உள்ளூரிலேயே செய்துவிடுவது அவரது நோக்கம். மாருதியில் 796 க.செ.மீ. இயந்திரம் முன்புறம் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களை ஓட்டுவது. பந்தய வண்டியில் அதே தொகுதி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னே சென்று பின்சக்கரங்களை ஓட்ட வேண்டும். சக்கரங்களின் அகலமும் தொங்கமைப்பும் மாறுவதால் அரைத்தண்டுகளையும் அதற்கேற்ப அமைக்க வேண்டியிருக்கும். ஃபார்முலா மாருதி எனப்பட்ட இவ்வண்டிகள் சாலையில் ஓடாமல் தனித் தடத்தில் மட்டுமே ஓடின. கோவையில் வளர்ந்து 2005 இல் ஃபார்முலா ஒன்று பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் தம் பந்தய வாழ்வை இவ்வகை வண்டியில்தான் தொடங்கினார். கரிவரதன் 1995 இல் வானூர்தி விபத்தில் உயிரிழந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கியுள்ளது.